இடம் சொன்னால் இறங்கும்

காரியேந்தலில் பல்கீஸ் அக்காவின் பழைய வீட்டை இடித்த அன்று அது கீழே விழவில்லை. சம்மட்டி பட்ட இடத்தில் சுவர் உடைந்தது, செங்கல் செங்கல்லாகப் பிரிந்தது, காரை பொரிந்தது, ஓடு விரிந்தது, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் உடைந்த எதுவும் தரைக்கு வராமல், எது எங்கே இருந்ததோ அங்கேயே, ஒன்றுக்கொன்று விரற்கடை இடம் விட்டுக்கொண்டு காற்றில் நின்றது. சாயங்காலம் ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பும்போது வீடு முழுக்க இடிக்கப்பட்டிருந்தது, வீடு முழுக்க அங்கேயே இருக்கவும் செய்தது. எதிர்த்தாற்போல் சைக்கிள் கடை வைத்திருக்கும் நான், பஞ்சர் ஒட்டிய டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இதையும் பார்த்தேன். ராத்திரிக்குள் இறங்கிவிடும் என்றுதான் நினைத்தேன்.

காலையிலும் இறங்கவில்லை. காண்ட்ராக்டர் அமலதாஸ் வண்டியை விட்டு இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பாதி வீடு அவர் கட்டியது. அவர் கட்டிய சுவரில் தூக்குக்குண்டு பிடித்தால் நூல் பிசகாது, அவர் போட்ட மச்சு ஒழுகாது, அதனால் அவரை நல்லவர் என்றே சொல்லிவந்தோம். ரப்பீஸ் என்கிற இடித்த உடைசலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று நாங்கள் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் கண்மாய்க் கரையில் கொட்டுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"என்ன கொத்தனாரே இது?"

"எறங்கலை மொதலாளி," என்றார் கொத்தனார் கருமலையான்.

"எறங்கலைன்னா?"

"நம்ம சொன்னத அது நம்பிருச்சு போல."

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டை இடிக்கிறபோது முதல் அடி விழுவதற்கு முன்னால் கொத்தனார் ஒரு செம்பு தண்ணீரை வாசற்படியில் ஊற்றி, "எடம் காட்டுறோம், எறங்கி வா" என்று வீட்டைப் பார்த்துச் சொல்வார். அது பரம்பரையாகச் சொல்லி வருகிற வார்த்தை. கருமலையானின் அப்பா சொன்னார், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள், சொல்லிவிட்டு எல்லாரும் அள்ளிக்கொண்டுபோய்க் கண்மாயில்தான் தட்டினார்கள், எந்த வீடும் ஏன் என்று கேட்டதில்லை. பல்கீஸ் அக்காவின் வீடு மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, காட்டுகிற இடத்தைக் காட்டட்டும் என்று நின்றுவிட்டது. இதற்கு மேல் காரணம் தேடி நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியவர் பல்கீஸ் அக்காதான். ஊரில் முக்கால்வாசிப் பேர் காலையில் தின்பது அக்கா அவிக்கிற இடியாப்பம். நோன்பு மாதம் வந்துவிட்டால் பள்ளிவாசல் தெரு முழுக்க, விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு, அவர் வீட்டு வாசலில்தான் தூக்குப்போணியோடு நிற்கும். உத்திரம் வளைந்து ஓடு சரிந்து வீடு ஆபத்தாகிவிட்டதால், ஷார்ஜாவில் இருக்கும் மகன் அன்சாரி புது வீட்டுக்கு பிளான் அனுப்பி, அமலதாசிடம் பேசி, நோன்புக்குள் முடித்துத் தருவதாக வாக்கும் வாங்கியிருந்தான். அதுவரைக்கும் அக்கா ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அடுப்பு வைத்திருந்தார். அங்கே புகை போக வழியில்லை. கண் எரிச்சலில் பக்குவம் தப்பி, மாவு ஒருநாள் விறைத்தது, ஒருநாள் குழைந்தது. பஸ் ஸ்டாண்டில் மெஷின் இடியாப்பம் போட்டு ஒருவன் கடை திறந்திருந்தான்.

"ஒரு நோன்பு விட்டுப்போச்சுன்னா ஆளுக அங்க பழகிருவாக தம்பி," என்றார் அக்கா அமலதாசிடம். "பழகிட்டா திரும்பி வர மாட்டாக. வீடு லேட்டானா நான் இருந்துக்குவேன், அடுப்பு லேட்டானா எனக்குப் பொழப்பே இல்ல."

"நோன்புக்குள்ள அடுப்பு பத்தும்க்கா. நான் சொன்னாச் சொன்னதுதான்."

சொல்லிவிட்டார், ஆனால் அந்தரத்தில் ஒரு வீடு நிற்கிற இடத்தில் இன்னொரு வீட்டுக்கு எப்படி அஸ்திவார வானம் தோண்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பு கொண்டு தட்டிப் பார்த்தார்கள், செங்கல் லேசாக ஆடிவிட்டுத் தன் இடத்துக்கே வந்தது. கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. அமலதாஸ் கோபத்தில் மேலே பார்த்து, "கண்மாய்க்கு வாங்க எல்லாம்!" என்று சத்தம் போட்டார். ஒரு பொடி மண்கூட அசையவில்லை.

நாங்கள் பழகிக்கொண்டோம். பழகுவதில் எங்கள் ஊருக்கு இணை கிடையாது. புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, தொங்குகிற ஓடுகளுக்குக் கீழே பந்தல் போட்டது மாதிரி நிழல் விழுந்தது, அந்த நிழலில் முதலில் ஆடுகள் வந்து படுத்தன, பிறகு சீட்டு விளையாடுகிறவர்கள், பிறகு பூக்கட்டுகிற பெண்கள், பிறகு இவர்கள் எல்லாரும் இருக்கிறார்களே என்று ஒரு டீ வண்டி. தபால்காரர் பழைய பழக்கத்தில் சுவர் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வாசல் இருந்த இடத்தில் நின்றுதான் குரல் கொடுத்தார். ஐப்பசி மழை பெய்தபோது வீடு ஒழுகியது, முன்பு எந்தெந்த இடத்தில் ஒழுகியதோ அந்தந்த இடத்தில் மட்டும், அதனால் எங்கே தள்ளி உட்கார வேண்டும் என்று அக்காவைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து, இதற்கு வீட்டுவரி உண்டா இல்லையா என்று யோசித்தார், டீ குடித்தார், மேலே கேட்டுச் சொல்வதாகப் போனவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். டிவிக்காரர்கள் வந்து ஒரு பகல் முழுக்கக் கேமராவை நிமிர்த்தி வைத்திருந்தார்கள், வீடு சும்மா நின்றுகொண்டே இருந்தது, அவர்களுக்குச் சலித்துவிட்டது.

வீடு முதன்முதலாக இறங்கியது சிட்டம்மாளுக்காக. தெருக்கோடியில் ஆடு வளர்க்கிறவர் சிட்டம்மாள். ஒருநாள் அந்த நிழலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "அந்தத் தாவாரத்து ஓட்டைக் குடுத்தா என் ஆட்டுக் கொட்டகைக்கு ஆகும், குட்டியெல்லாம் நனையுது," என்றார், யாரிடமும் கேட்கவில்லை, பொதுவாகச் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் தாவாரத்து ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரப்படாமல், சாப்பிட்டு எழுகிற பந்தி மாதிரி வரிசையாக இறங்கி அவர் காலடியில் அடுக்கிக்கொண்டன. சிட்டம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஒரு வண்டி கூப்பிடுங்கப்பா," என்றார்.

அமலதாசுக்குச் சேதி போய் ஓடி வந்தார். வந்தவருக்கு மனசு குறுக்கே போயிற்று. இடம் சொன்னால் இறங்கும் என்றால் ஏதாவது ஓர் இடம் சொன்னால் போதாதா என்று, "சர்ச்சு மதிலுக்கு!" என்று உரக்கச் சொன்னார். முன்சுவர் அப்படியே இறங்கி டிப்பரில் ஏறியது. சந்தோஷமாக முன்னால் பைக்கில் போனார், பின்னால் டிப்பர் போனது, சர்ச்சைத் தாண்டிக் கண்மாய்ச் சாலையில் திரும்பியதும் வண்டியிலிருந்த கல்லும் காரையும் மெல்ல எழும்பி, வண்டியை வெறுமனே விட்டுவிட்டு, தெருவுக்கு மேலாகவே திரும்பி வந்து, யார் தலையிலும் இடிக்காமல், பழைய இடத்தில் நின்றுகொண்டன. சர்ச்சு வாசலில் நின்ற சாமியார் இதைப் பார்த்துவிட்டு, "அமலதாசு, நமக்கு எதுக்குப்பா மதிலு?" என்று கேட்டார். அமலதாஸ் அன்று முழுக்க வெளியே தலை காட்டவில்லை.

மறுநாள் வந்தவர் வேறு ஆளாக வந்தார். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டை ஒரு பகல் முழுக்கப் பார்த்தார். கட்டுகிற வீட்டைத்தான் அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்திருக்கிறேன், இடிக்கிற வீட்டைப் பார்த்ததில்லை.

"கொத்தனாரே, அந்த உத்திரத்துல நடுவுலதான் வளைவு. ரெண்டு முனையும் வைரமா இருக்கு பாருங்க."

"ஆமா மொதலாளி. ரெண்டா அறுத்தா வாசல் நெலைக்கு ஆகும்."

"யாருக்கு நெலை வேணும்?"

அதைக் கேட்கத்தான் அவர் ஊருக்குள் நடந்தார். இத்தனை வருஷம் யாருக்கு வீடு வேணும் என்று கேட்டு நடந்தவர், இப்போது அரைச் செங்கல் யாருக்கு வேணும், துருப்பிடித்த ஜன்னல் கம்பி யாருக்கு ஆகும் என்று வீடு வீடாகக் கேட்டார். கேட்டால்தானே தெரிகிறது: பாகற்கொடி படர விடுகிறவருக்கு ஜன்னல் கம்பி வேண்டியிருந்தது, மாதா கோவில் மச்சுக்கு மேல் தளம் போட உடைத்த செங்கல் ஜல்லி வேண்டியிருந்தது, கபடி விளையாடுகிற பயல்களுக்குக் கோடு போடச் சுண்ணாம்புக் காரைப் பொடி வேண்டியிருந்தது, கிணற்றடியில் சிமெண்ட் தரை உடைந்துபோன ஒருத்தருக்கு அக்கா வீட்டில் அம்மிக்கல் பதித்திருந்த துண்டுத் தரையே வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அமலதாஸ் வந்து நின்று, இன்னாருக்கு, இன்ன வேலைக்கு என்று மெய்யாகச் சொன்னார், அதது இறங்கியது. ஆனால் வீடு கறாரானது. ஓட்டையும் கட்டையையும் கல்லையும் ஒரே குவியலாகப் போட்டால் குவியல் மறுபடி எழும்பிக்கொண்டது, அதனால் ஆணி ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், முழுக்கல் ஒரு பக்கம், அரைக்கல் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட ஆட்கள் பழகினார்கள். மேலேயிருந்து கீழே, கட்டினபோது எது கடைசியாக வந்ததோ அது முதலாவதாக, என்று இறக்கினார்கள். எதற்கும் உதவாத பொடியும் சில்லும் மிஞ்சும் அல்லவா, அதற்கும் இடம் கிடைத்தது: புது வீட்டின் பேஸ்மட்டத்தைத் தெருவைவிட உயர்த்த வேண்டியிருந்தது, வெளியிலிருந்து ஒரு லோடு கிராவல்கூட வாங்காமல் அதிலேயே நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டித்தார்கள்.

புதுச் சாமான்களும் அந்த மனையில் கால் வைத்ததும் அதே புத்திக்கு வந்துவிட்டன. எந்தக் காண்ட்ராக்டரும் சிமெண்டும் கல்லும் கணக்குக்கு மேலே கொஞ்சம் இறக்கி வைப்பார், பாதியில் பத்தாமல் போனால் வேலை நிற்குமே என்று. அமலதாஸ் அப்படிக் கூடுதலாக இறக்கிய மூட்டைகள் பொழுது சாய்வதற்குள் எழும்பி, எங்கே போகட்டும் என்று கேட்கிற மாதிரி தலைக்கு மேல் நின்றன. கருமலையான் தேவைக்கு மேல் கலந்த கலவை உருண்டை உருண்டையாக மிதந்து, போகிற வருகிறவர் தோளில் தட்டியது. "இந்த வயசுல எனக்குக் கலவை அளக்கச் சொல்லிக் குடுக்குதே இது," என்று கருமலையான் திட்டிக்கொண்டே, அன்றன்றைக்கு ஆகிற அளவு மட்டும் கலக்கத் தொடங்கினார். கம்பியை வெட்டுவதற்கு முன்னால் துண்டு எங்கே விழும், அந்தத் துண்டு எந்த ஜன்னல் லிண்டலுக்குப் போகும் என்று பார்த்து வெட்டினார்கள். வேலை தாமதப்படும் என்றுதான் எல்லாரும் பயந்தோம். ஆனால் கால் இடறக் குப்பையில்லாத மனையில் ஆட்கள் விறுவிறு என்று நடந்தார்கள், சுவர் எழும்பியது.

சமையலறைச் சுவர் ஒன்றுதான் மிஞ்சியது.

அந்தச் சுவர் கரிப்பிடித்துக் கறுத்தது. அதன் மேலே புகைக்கூண்டு, அடியில் ஐந்து அடுப்புக்கான மேடை, எல்லாம் உடைந்த உடைசலாக, ஆனால் உருக்குலையாமல் அந்தரத்தில் நின்றது. அமலதாஸ் மெய்யான இடங்களாகத் தேடித் தேடிச் சொன்னார். ஓட்டல்காரர் ஒருவருக்கு அடுப்புமேடை வேண்டும் என்றார், அசையவில்லை. செங்கல் சூளைக்காரர் கரிக்கல்லை வாங்கிக்கொள்கிறேன் என்றார், அசையவில்லை. பேஸ்மட்டத்துக்குள்ளேயே போய்விடு என்று கெஞ்சினார், அதற்கும் இல்லை. அன்சாரியின் பிளானில் அந்தச் சுவர் நிற்கிற இடம் சரியாக ஹாலுக்கு நடுவில், டிவி மாட்டுகிற பக்கம். அதை எடுக்காமல் மேல்தளம் போட முடியாது, தளம் போடாமல் அடுப்பு பற்றாது, நோன்புப் பிறை பார்க்க அதிக நாள் இல்லை.

பல்கீஸ் அக்காவின் கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, தப்பாக நினைக்காதீர்கள் என்று தயங்கிக்கொண்டே, இந்த நோன்புக்குச் சஹர் இடியாப்பத்தைப் பஸ் ஸ்டாண்டுக் கடையில் சொல்லிவிடலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா அடுத்த தட்டுக்கு மாவு பிழியத் தொடங்கினார்.

மறுநாள் அமலதாஸ் கொட்டகைக்குப் போய், புகைக்குள் குனிந்து நின்றார்.

"அக்கா, எனக்கு இனிமே சொல்றதுக்கு எடமில்ல. ஊரெல்லாம் கேட்டுட்டேன். என்னைத் திட்டணும்னா திட்டிருங்க."

அக்கா இடியாப்பத் தட்டை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரோடு நடந்து வந்தார். வந்து சுவருக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு டீ வண்டியிலிருந்து ஒரு எரிகிற விறகுக் குச்சியை வாங்கி, அந்தரத்தில் நின்ற புகைக்கூண்டுக்குக் கீழே பிடித்தார். குச்சியிலிருந்து எழும்பிய புகை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல், நேராக, உடைந்த கூண்டின் இடுக்குகளையெல்லாம் தாண்டி, மேலே போயிற்று.

"இது வேலை செய்யுது தம்பி," என்றார் அக்கா.

அமலதாஸ் குச்சியை வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தார். கருமலையானும் பிடித்துப் பார்த்தார். புகை அப்படியே போனது.

"ஒடைஞ்சதுக்கு எடம் தேடலாம்," என்று அக்கா சொன்னார். "ஓடுறத எதுக்குத் தம்பி ஒடைச்சோம்?"

அன்சாரியைப் போனில் கூப்பிட்டார்கள். ஹாலுக்கு நடுவில் கரிச்சுவரா, பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா, நான் கரண்டில் ஓடுகிற புகைபோக்கி வாங்கி அனுப்புகிறேன், பிளான் என்னாகும், என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அக்கா கடைசிவரை கேட்டார்.

"பிளான நீ அங்க இருந்து பாக்குற. நான் இங்க இருந்து அவிக்கிறேன். ஹாலை அந்தப் பக்கம் தள்ளிக்கச் சொல்லு, ராசா. டிவி எங்க இருந்தாலும் தெரியும்."

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "காண்ட்ராக்டர் அண்ணன்கிட்டக் குடும்மா," என்றான் அன்சாரி.

அமலதாஸ் மூன்று சுவரை இடம் மாற்றி பிளானைத் திருத்தினார், எதையும் இடிக்காமல், எழுப்ப வேண்டிய சுவர்களை மட்டும். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தரத்துச் சுவருக்கு முன்னால் நின்றார்.

"நீ எங்கயும் போக வேணாம். இங்கயே இரு," என்றார். "இருந்து பொகையை இழு."

சுவர் இறங்கவில்லை. மாறாக, உயர்த்திய பேஸ்மட்டத்துக்கு எவ்வளவு தூக்க வேண்டுமோ அவ்வளவு தானாகவே ஏறி, நின்றுகொண்டது. கருமலையான் அதற்கு அடியில் புதுக்கல் வைத்துக் கட்டி அதைப் போய்த் தொட்டார். பிறகு சாரத்தில் ஏறி, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இருந்த விரற்கடை இடத்தையெல்லாம், அளந்து கலந்த கலவையால் ஒவ்வொன்றாக நிரப்பினார். நாங்கள் கீழே நின்று பார்த்தோம், சீட்டு விளையாடுகிறவர்கள்கூடக் கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்றார்கள். கடைசி இடுக்கை அடைத்ததும் சுவரின் பாரம் புதுக் கட்டுமானத்தில் வந்து உட்கார்ந்ததை எல்லாரும் காலுக்கடியில் உணர்ந்தோம். அந்தரத்தில் இனி ஒன்றுமில்லை, மேலே வெறும் வானம். அடியில் உட்கார மிஞ்சியிருந்த கொஞ்ச நிழலும் போய்விட்டது, டீ வண்டிக்காரன் குடை தேடிக்கொண்டு போனான், எனக்கும் கடைக்கு முன்னால் தார்ப்பாய் கட்ட வேண்டிவந்தது.

மேல்தளமும் போட்டு முடித்து, பிறை தெரிவதற்கு முந்தின நாள் பாத்திஹா ஓதிப் பால் காய்ச்சினார்கள். பூச்சு இன்னும் காயவில்லை, ஜன்னலுக்குக் கதவு வரவில்லை, ஆனால் ஐந்து அடுப்பும் ஒன்றாக எரிந்தன, வீட்டுக்குள் யாருக்கும் கண் கசங்கவில்லை. பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்த இரண்டு பேரும் வாசலில் நின்று கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொத சஹருக்கு எத்தனை வீட்டுக்கு வேணும்?" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

"எப்பவும் போலத்தான்க்கா. எல்லாருக்கும்."

அப்புறம் அக்கா எட்டிப் பார்த்து அமலதாசைக் கூப்பிட்டார். இந்த ஊரில் இத்தனை வீடு கட்டியவர், அதில் ஒன்றிலாவது பால் காய்ச்சுகிற நாளில் உட்கார்ந்து சாப்பிட்டதை நாங்கள் பார்த்ததில்லை. அந்த நாளில்தான் வாசலில் கிடக்கிற மிச்சத்தையெல்லாம் விருந்தாளிகள் வருவதற்குள் அள்ளியாக வேண்டும், அவர் எப்போதும் டிப்பருக்குப் பின்னால் கண்மாய்ச் சாலையில்தான் இருப்பார், திரும்பி வரும்போது பந்தி முடிந்திருக்கும். அன்றைக்கும் பழக்கத்தில் வாசலுக்கு வந்து, இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மேலேயும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை.

"என்ன தேடுறீக தம்பி? ஆறிப்போகுது, வாங்க," என்றார் அக்கா.

அவர் உள்ளே போய், தான் கட்டிய வீட்டின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா தட்டில் இடியாப்பம் வைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்ற ஊற்ற, போதும் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.